அப்பா நாளை டிஸ்சார்ஜ்: வீட்டில் முதல் சில வாரங்களை எப்படிச் சமாளிப்பது?

இளையமகள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. நிமோனியா வந்து 11 நாளாக மருத்துவமனையில் இருக்கிறார், அதில் 3 நாள் ஐசியு. நாளை மதியம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று இன்று ரவுண்ட்ஸில் சொல்லிவிட்டார்கள். மனசுக்கு நிம்மதிதான், ஆனால் பயமும் கூடவே இருக்கிறது. தன் காலால் நடந்து உள்ளே போனவர், இப்போது கட்டிலில் எழுந்து உட்காருவதற்கே என் தோளைப் பிடிக்கிறார். முந்தாநாள் இரவு சுவரில் எறும்பு வரிசையாகப் போகிறது என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். அங்கே ஒன்றும் இல்லை.

அண்ணன், "ஒரு மாதம் கட்டிலை விட்டு இறங்கவே வேண்டாம், எல்லாம் கைக்குக் கொண்டுவந்து கொடுப்போம்" என்கிறார். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறார். அம்மாவுக்கு 72, முழங்கால் வலி வேறு. நான் 2 வாரம் லீவு போட்டிருக்கிறேன். கிளம்புவதற்கு முன் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும், வீட்டில் எதை மாற்ற வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வார்டுநர்ஸ்_ஓய்வு

சகோதரி, 30 வருடத்துக்கு மேல் மெடிக்கல் வார்டில் வேலை பார்த்தவள் நான். டிஸ்சார்ஜ் என்றால் குணமாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவமனையில் வைத்துத்தான் செய்ய வேண்டும் என்கிற சிகிச்சை முடிந்தது, மீதி வீட்டில் நடக்க வேண்டும். அமெரிக்காவில் மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நோயாளிகளைக் கணக்கெடுத்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடி அட்மிட் ஆகியிருந்தார். ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் என்ற இதய மருத்துவர் 2013-ல் இதற்குப் 'போஸ்ட் ஹாஸ்பிட்டல் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்தார். திரும்பி வருபவர்களில் பலர் பழைய நோய்க்காக வருவதில்லை. தூக்கம் கெட்டது, சரியாகச் சாப்பிடாதது, படுத்தே கிடந்தது, வலி, புதுப்புது மாத்திரை எல்லாம் சேர்ந்து உடம்பை அடித்துப் போட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் வேறு ஏதாவது வந்தால் தாங்குவதில்லை. என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்தது இது.

நாளை அவசரப்படுத்துவார்கள், நீங்கள் அவசரப்படாதீர்கள். மாத்திரைகளில் எது புதிது, எது நிறுத்தியது, எதற்கு அளவு மாறியது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்ட பிறகு உங்கள் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள்: "காலையில் இது ஒன்று, இரவில் இது பாதி, இதை வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட வேண்டும், சரியா?" என்று. சொல்பவர் விட்டதும் உங்கள் காதில் விழாததும் அப்போதுதான் வெளியே வரும். ரிசல்ட் வராத டெஸ்ட் ஏதாவது பாக்கி இருக்கிறதா, அதை யார் பார்த்துச் சொல்வார்கள் என்றும் கேளுங்கள். கையில் ஊசி போட்ட வென்ஃப்ளான் எடுத்துவிட்டார்களா? சிறுநீர் டியூப் இருந்தால் என்றைக்கு எடுப்பார்கள்? எந்த அறிகுறி வந்தால் யாருக்கு, எந்த நம்பருக்குப் பேச வேண்டும், ராத்திரி என்றால் யாருக்கு? அடுத்து எப்போது காட்ட வேண்டும் என்பதை "ஒரு வாரம் கழித்து" என்று விடாமல் தேதியாக வாங்குங்கள்.

கிளம்பும் முன் அவரை எழுந்து நிற்க வைத்து, பாத்ரூம் வரை நடக்க வைத்து உங்கள் கண்ணால் பாருங்கள். வீல்சேரில் உட்கார வைத்துக் காரில் ஏற்றிவிட்டால், அவர் எவ்வளவு நடப்பார் என்பது வீட்டு வாசலில்தான் தெரியும். அது தாமதம்.

பிசியோ_தினமும்

உங்கள் அண்ணன் பாசத்தில் சொல்கிறார், புரிகிறது. ஆனால் ஒரு மாதப் படுக்கை அப்பாவை எழவே விடாது. வயதானவர்களில் நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. அந்தப் 10 நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போய்விட்டது. அவர்களுக்கு நோய் எதுவும் கிடையாது. உங்கள் அப்பாவுக்கு 11 நாளும், அதற்கு மேல் காய்ச்சலும்.

வீட்டுக்கு வந்த அன்றே ஆரம்பியுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். சாப்பாடு கட்டிலில் வேண்டாம், நாற்காலிக்கு வந்து சாப்பிடட்டும். நேராக உட்கார்ந்து சாப்பிட்டால் புரையேறுவது குறையும், நுரையீரலுக்கும் நல்லது. அந்த நாற்காலியில் இருந்து எழுவதே அவருக்குப் பயிற்சி.

எழுவதற்கு முறை இருக்கிறது, அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சொல்லிக் கொடுங்கள். நாற்காலி நுனிக்கு நகர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் வரை முன்னால் குனிய வேண்டும். பிறகு கைப்பிடியை அழுத்தி எழ வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுந்தால் அது கூடவே சாயும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு பிசகும், உங்கள் இடுப்பும் போகும். குனியும்போது "ஒன்று, இரண்டு, மூன்று" என்று அவரே எண்ணட்டும். இந்தச் சின்ன விஷயத்தில் எவ்வளவு மாற்றம் வருகிறது என்று தினமும் பார்க்கிறேன்.

மருந்தாளுநர்_ஷிப்ட்

வீட்டில் இருக்கும் பழைய மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியோடு மேஜையில் பரப்புங்கள். கம்பெனிப் பெயரை விடுங்கள், அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் எதையும் கொடுக்கும் முன் மருத்துவரிடமோ மருந்துக் கடையிலோ கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் மருந்துத் தவறுகளுக்கு எதிராக ஒரு முயற்சி தொடங்கியபோது, முதலில் கவனிக்கச் சொன்ன மூன்றில் ஒன்று இந்த இடம் மாறும் நேரம்தான், மருத்துவமனையில் இருந்து வீடு.

வயிற்றுக்கு, தூக்கத்துக்கு என்று வார்டில் ஆரம்பித்த மாத்திரை எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் வருடக்கணக்கில் ஓடும்.

இளையமகள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லோரும் சொன்னதை எழுதி எடுத்துக்கொண்டு போனேன், அதனால்தான் தைரியமாகக் கேட்க முடிந்தது. ரொம்ப நன்றி.

மருந்தாளுநர் சொன்னபடி மேஜையில் பரப்பினேன். அப்பா ஏற்கனவே பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையில் ஒரு பெயர். புதுச் சீட்டில் வேறு பெயர், வேறு நிறம். பின்பக்கம் இரண்டிலும் அம்லோடிபின் 5 மில்லிகிராம். அம்மா இரண்டையும் இன்று இரவு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். போன் செய்து கேட்டேன், ஒன்றுதான் என்றார்கள். பழைய அட்டைகளைத் தனியாகக் கட்டி அலமாரி மேலே வைத்துவிட்டேன். கை நடுங்கியது எனக்கு.

மருந்தாளுநர்_ஷிப்ட்

நல்ல வேலை செய்தீர்கள். இரண்டும் போயிருந்தால் பிரஷர் இறங்கி, எழும்போது தலைசுற்றி விழுந்திருக்கலாம்.

மறுபக்கம்

எல்லோரும் நட, நட என்கிறீர்கள். என் அம்மா 81 வயதில் இப்படித்தான் வீட்டுக்கு வந்தார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். நாலாம் நாள் விடியற்காலை பாத்ரூம் வாசலில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்கப்புறம் அவர் பழையபடி ஆகவே இல்லை. அந்த அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பயப்படுபவர்களைத் தப்பாகப் பேச வேண்டாம்.

பிசியோ_தினமும்

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது. உங்கள் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் எழுதியதில் நேரம் இருக்கிறது, விடியற்காலை, பாத்ரூம் வாசல். ராத்திரி முழுக்கப் படுத்திருந்துவிட்டு, அவசரமாக, இருட்டில் எழும் நேரம் அது. எழுந்தவுடன் பிரஷர் இறங்கும் பிரச்சினை வயதானவர்களுக்கு நிறைய உண்டு. படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒருமுறை பிரஷர் பார்த்து, மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பகலில் ஒருவர் பக்கத்தில் இருக்க நடப்பதும், விடியற்காலையில் தனியாக எழுவதும் ஒன்றாகாது. கட்டிலிலேயே வைத்திருந்தால் விழுவதைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். அவசரத்துக்கு ஒருநாள் எழுவார். அன்றைக்கு காலில் பலம் இருக்காது.

மறுபக்கம்

ஆமாம். படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காரச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இளையமகள், உங்கள் வீட்டில் அந்த நேரத்துக்கு என்ன ஏற்பாடு?

மூன்றாவது_முறை

இடையில் வருகிறேன், அம்மாவை மூன்று தடவை இப்படி அழைத்து வந்திருக்கிறேன். நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. பகலில் நான் கட்டிலில் படுத்து, அம்மாவின் கண்ணாடியைக் கழற்றியது மாதிரி கண்ணைப் பாதி மூடி, விளக்கை அணைத்துவிட்டு பாத்ரூம் போய்ப் பார்த்தேன். மிதியடி காலில் தட்டியது. சார்ஜர் வயர் தரையில் கிடந்தது. ஸ்விட்ச் கதவுக்கு அந்தப் பக்கம். பாத்ரூமுக்குள் கைக்குக் கிடைத்தது டவல் கம்பி, இழுத்தால் சுவரோடு வந்துவிடும். எல்லாவற்றையும் அன்றே சரி செய்தோம். வழி முழுக்கச் சின்ன இரவு விளக்கு, கமோடு பக்கத்தில் சுவரில் துளை போட்டு இறுக்கிய கைப்பிடி, குளிக்க ஒரு நாற்காலி. இரவில் மட்டும் கட்டில் பக்கத்தில் கமோடு சேர். நீர் பிரியும் மாத்திரையை எந்த நேரம் கொடுக்கலாம் என்று மருத்துவரைக் கேட்டோம், காலைக்கு மாற்றிக் கொடுத்தார். ராத்திரி எழுவது மூன்று தடவையில் இருந்து ஒன்றாகக் குறைந்தது.

கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றும் மருத்துவமனையில் இருந்து திரும்பி வந்ததா என்று பாருங்கள். எங்களுக்கு ஒருமுறை காது மெஷின் படுக்கை விரிப்போடு சலவைக்குப் போய்விட்டது. அம்மா குழம்பிப்போய்விட்டார் என்றே ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குக் காது கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தொன்பது

இந்த இழையில் எல்லோரும் பார்த்துக்கொள்பவர்கள். நான் பார்த்துக்கொள்ளப்பட்டவன். வயது 79. போன வருடம் 16 நாள் மருத்துவமனையில் இருந்தேன். அந்த ஐயாவின் பக்கத்தில் இருந்து கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் பிள்ளைகள் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். சட்டைப் பொத்தானை மருமகள் போட்டுவிட்டாள். தண்ணீர் டம்ளரை வாய் வரை கொண்டுவந்தார்கள். டாக்டரிடம் போனபோது, அவர் என்னைக் கேட்ட கேள்விக்கு மகன் பதில் சொன்னான். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பத்து நாளில் எனக்கு ஒன்று நடந்தது. எனக்கே பொத்தான் போட வராது என்று நான் நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சட்டையை எடுத்தேன். நாலு பொத்தான் போட இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மேல் பொத்தான் வரவில்லை. மற்றதெல்லாம் போட்டேன். அன்றைக்குத்தான் நான் வீட்டுக்கு வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அம்மா இளையமகள், அப்பாவால் மெதுவாகச் செய்ய முடிந்ததை நீங்கள் வேகமாகச் செய்துவிடாதீர்கள். பாத்ரூமில் கூட நிற்பது அவசியம் என்றால் வெளியே நில்லுங்கள், கதவைத் தாழ் போடாமல் சாத்தி வைக்கலாம். டாக்டர் அப்பாவைக் கேட்டால், அப்பாவே சொல்லும் வரை காத்திருங்கள். விட்டுப்போனதைப் பிறகு நீங்கள் சேர்த்துச் சொல்லலாம்.

இளையமகள்

ஐயா, நீங்கள் எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அப்பாவுக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தவர், பாதியில் நிமிர்ந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுவிட்டு நின்றார்.

இளையமகள் (5-ம் நாள்)

ஒரு சந்தேகம். இரண்டு நாளாக அப்பா ரொம்ப அமைதியாகிவிட்டார். முன்பு மாதிரி சுவரைக் காட்டிப் பேசுவதில்லை, பகல் முழுக்கத் தூங்குகிறார். கூப்பிட்டால் கண் திறந்து "ம்" என்கிறார், பேச்சை முடிக்கும் முன் கண் மூடிவிடுகிறது. காய்ச்சல் இல்லை. "உடம்பு கேட்கிற ஓய்வு, எழுப்பாதே" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு கேட்கவில்லை.

வார்டுநர்ஸ்_ஓய்வு

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். இன்றே மருத்துவரிடம் பேசுங்கள், நாளைக்கு வேண்டாம். கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்றால் போன் எல்லாம் வேண்டாம், நேராக எமர்ஜென்சி.

டெலிரியம், அதாவது நோயின்போது திடீரென்று வரும் மனக்குழப்பம் என்றால் கத்துவார்கள், கட்டிலை விட்டு இறங்கி ஓடுவார்கள் என்றுதான் நினைக்கிறோம். அமைதியான வகையும் உண்டு. தொந்தரவு தராததால் யார் கண்ணிலும் படாது, வயதானவர்களுக்கு இதுதான் அதிகம். மறதி நோய் மாதம், வருடமாக மெல்ல வரும். இது ஓரிரு நாளில் வரும், ஒரே நாளில் ஏறி இறங்கும், பின்னால் ஒரு காரணம் இருக்கும். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள், சனி, வெள்ளி, வியாழன் என்று. முன்பு சொல்லக்கூடியவர் இப்போது இடையில் தொலைந்துபோனால் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

இப்போதே பார்க்க வேண்டியவை: எத்தனை நாளாக மலம் போகவில்லை? கடைசியாக எப்போது, எவ்வளவு சிறுநீர் போனார்? தண்ணீர் எவ்வளவு குடித்தார்? சீட்டில் இல்லாத மாத்திரை ஏதாவது யாராவது கொடுத்தார்களா?

இளையமகள்

கடைசிக் கேள்வியைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கேட்டேன். அப்பா ராத்திரி தூங்கவில்லை என்று மூன்று நாளாக அண்ணன் ஒரு சளி மாத்திரை கொடுத்திருக்கிறார். அவர் போட்டால் நன்றாகத் தூக்கம் வருமாம். மலம் போய் 5 நாள். காலையில் இருந்து சிறுநீர் சொட்டுச் சொட்டாகத்தான். கிளம்புகிறோம்.

இளையமகள் (6-ம் நாள்)

நேற்று டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் சிறுநீர் வெளியேறியது. வயிற்றையும் சுத்தம் செய்தார்கள். மாத்திரை அட்டையைக் காட்டினோம், உடனே நிறுத்தச் சொன்னார்கள். இரவு வைத்திருந்து பார்த்தார்கள், மார்பு எக்ஸ்ரே முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது. இன்று காலை அப்பா என் பெயரைச் சொல்லி, "ஏன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்டார்.

அண்ணன் வராண்டாவில் அழுதார். அவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மருந்தாளுநர்_ஷிப்ட்

அண்ணனிடம் சொல்லுங்கள், கடையில் சீட்டு இல்லாமலே கேட்டு வாங்குவார்கள், அதனால் ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தூக்கம் வரவைக்கும் பழைய வகைச் சளி, அலர்ஜி மாத்திரைகள் சிறுநீரைக் கட்டும், மலத்தைக் கட்டும், மூளையையும் மந்தமாக்கும். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு 1991-ல் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த 'பியர்ஸ் பட்டியல்' இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. இவை அதில் இருக்கின்றன. அண்ணன் அப்பாவைத் தூங்க வைக்கத்தான் நினைத்தார்.

மறுபக்கம்

அண்ணனுக்கு என் வணக்கம். அம்மா விழுந்த அன்று அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தவன் நான். நீங்கள் நேரத்துக்குப் போய்விட்டீர்கள்.

மூன்றாவது_முறை

இளையமகள், நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா? கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்கவில்லை. அண்ணனோடு ராத்திரியைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவருக்கும் பொறுப்பான வேலை ஒன்று கையில் இருந்தால் அந்த அழுகை கொஞ்சம் ஆறும்.

இளையமகள் (20-ம் நாள்)

தாமதத்துக்கு மன்னியுங்கள். டியூப் எடுத்துவிட்டார்கள், தானாகவே போகிறது. மாத்திரைப் பொறுப்பு முழுக்க இப்போது அண்ணனுடையது. பெரிய எழுத்தில் ஒரு தாள் எழுதி, ஒவ்வொன்றும் எதற்கு என்று போட்டு ஒட்டியிருக்கிறார். அப்பாவிடம் கொடுக்கும்போது "இது எதற்கு?" என்று அப்பா கேட்கிறார், இவர் சொல்கிறார். லீவு முடிந்து நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். ராத்திரி எழுவதும் அண்ணன்தான்.

நாற்காலியில் இருந்து முதல் நாள் இரண்டு தடவைகூட எழ முடியவில்லை. இன்று காலை கைப்பிடியை அழுத்தி ஏழு தடவை. அவரே எண்ணினார். ஆறுக்கு அப்புறம் மூச்சு வாங்கியது, கொஞ்சம் நின்று ஏழு என்றார். சளியும் சோர்வும் இன்னும் இருக்கிறது. இவ்வளவு நாள் இருக்குமா?

வார்டுநர்ஸ்_ஓய்வு

இருக்கும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நிமோனியாவுக்குக் கொடுக்கும் கணக்கு இது: 1 வாரத்தில் காய்ச்சல் போக வேண்டும், 4 வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறைய வேண்டும், 6 வாரத்தில் இருமலும் மூச்சு வாங்குவதும். 3 மாதத்தில் பெரும்பாலானவை போய்விட்டாலும் சோர்வு இருக்கலாம். முழுதாகப் பழையபடி ஆக 6 மாதம். உங்கள் அப்பா வயதுக்கு இன்னும் கூடலாம். முன்னேறிக்கொண்டே போனவர் திடீரென்று பின்வாங்கினால் மட்டும் உடனே காட்டுங்கள். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால், இடுப்பிலோ குதிகாலிலோ அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால், அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

எழுபத்தொன்பது

ஏழு! அவருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள் அம்மா. நான் இப்போது பதினொன்று.

இளையமகள்

சொன்னேன் ஐயா. "அவருக்கு என்ன வயது?" என்று கேட்டார். 79 என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு தடவை உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம் என்றார். இப்போது பாத்ரூமில் இருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது, தாழ் போடவில்லை. அண்ணன் வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.